எச்சமாக ஒதுக்கப்பட்ட உலோகம்: பேரளவு மாதிரி விமானமும் மணவாளக்குறிச்சி மணலும்

பேரளவு மாதிரி விமானங்களில் பெட்ரோல் என்ஜினின் இடத்தை மின்மோட்டார் பிடித்த கதை பெரும்பாலும் லித்தியம் பேட்டரியின் வெற்றிக் கதையாகவே சொல்லப்படுகிறது. அது பாதி உண்மை. பேட்டரி ஆற்றலைச் சேமித்துத் தந்தது. அந்த ஆற்றலைக் குறைந்த எடையில் சுழற்சியாக மாற்றித் தந்தது காந்தம். அந்தக் காந்தத்தின் வரலாறு தமிழர்களுக்குத் தொலைவில் நிகழ்ந்த ஒன்றன்று. அதன் ஒரு முனை குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் இருக்கிறது. மற்றொரு முனை மும்பையின் தாதர் வட்டாரத்தில், பிரபாதேவி சித்திவிநாயகர் கோயிலை அடுத்த வீர சாவர்க்கர் சாலையில், ஐ.ஆர்.இ.எல். என்ற பொதுத்துறை நிறுவனத்தின் தலைமை அலுவலகத்தில் இருக்கிறது. முன்பு 'இந்தியன் ரேர் எர்த்ஸ்' என்று அறியப்பட்ட நிறுவனம் அது. குமரி மாவட்டத்து மக்கள் வாய்மொழியில் 'மணல் ஆலை'. ஒரே மணலிலிருந்து வரும் பொருள்களுள் எது செல்வம், எது எச்சம் என்ற தீர்ப்பு கடந்த நூறாண்டுகளில் எவ்வாறு மாறியது என்பதை அறிய, ஒரு மாதிரி விமானத்தின் மோட்டாரைப் பிரித்துப் பார்ப்பது நல்ல வழி.

பேரளவு என்பதற்கு ஒரு வரையறை உண்டு. இவ்வகை விமானங்களுக்கான பன்னாட்டுச் சங்கம் ஒற்றை இறக்கை விமானத்துக்கு 80 அங்குலம், அதாவது ஏறத்தாழ 2.03 மீட்டர், இரட்டை இறக்கை விமானத்துக்கு 60 அங்குலம் என்று குறைந்த அளவு வகுத்துள்ளது. இந்தியாவில் 2021-ஆம் ஆண்டின் டிரோன் விதிகள், கல்விக்காகவோ ஆய்வுக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ, இயக்குபவரின் கண்ணுக்கு எட்டும் தொலைவுக்குள் பறக்கவிடப்படும் 25 கிலோ வரையிலான தொலைக்கட்டுப்பாட்டு வானூர்தியை 'மாதிரி' என்ற தனி வகையில் வைக்கின்றன. இந்த இரு எல்லைகளுக்குள் அடங்கும் விமானம் விளையாட்டுப் பொருள் அன்று. இரண்டு மீட்டருக்கு மேல் இறக்கை விரிந்து, பல கிலோ எடையுடன், சில கிலோவாட் ஆற்றலில் பறக்கும் ஒரு சிறு வானூர்தி அது.

1. கார்பன் பிரஷ் என்ற தடை

மின்மோட்டாரில் மாதிரி விமானம் பறக்கும் என்பது அண்மைக் காலத்துக் கண்டுபிடிப்பு அன்று. ரேடியோ கட்டுப்பாட்டுடன் மின்மோட்டாரில் பறந்த மாதிரி விமானத்தின் முதல் பதிவு 1957 ஜூன் 30-ஆம் நாளுக்குரியது. இங்கிலாந்தில் கர்னல் டாப்ளின் என்பவர் 'ரேடியோ குயின்' என்ற விமானத்தை வெள்ளி-துத்தநாக பேட்டரியின் துணையுடன் பறக்கவிட்டார். ஜெர்மனியில் பிரெட் மிலிட்கி சிறு மின்விமானங்களை வடிவமைத்து விற்பனைக்கே கொண்டுவந்தார். 1974 நவம்பர் 4-ஆம் நாள் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் பறந்த 'சன்ரைஸ்' என்ற ஆளில்லா விமானம், சூரிய ஒளியிலிருந்து கிடைத்த மின்சாரத்தில் மட்டும் பறந்த முதல் வானூர்தி ஆகும். அதன் இறக்கை 32 அடி. எடையோ சுமார் 12 கிலோதான்.

எனினும் இவை எல்லாம் மென்மையாக மிதக்கும் விமானங்களே. வானில் குட்டிக்கரணம் போடும், செங்குத்தாக ஏறும் கனமான பேரளவு விமானம் 1990கள் வரை பெட்ரோல் என்ஜினுக்கே உரியதாக இருந்தது. இதற்குப் பேட்டரி ஒரு காரணம். மோட்டார் மற்றொரு காரணம்.

பழைய மோட்டாரில் கம்பிச்சுருள் உள்ளே சுழலும். காந்தம் வெளியே நிலையாக நிற்கும். சுழலும் சுருளுக்கு மின்சாரம் போய்ச்சேர வேண்டுமெனில் எதுவோ ஒன்று அதைத் தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அதுதான் கார்பன் பிரஷ். வீட்டு மிக்ஸியில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை 'கார்பன் தேய்ந்துவிட்டது' என்று மாற்றப்படுவது இதே பொருள்தான். உராய்வினால் பிரஷ் தேயும். மின்னோட்டம் கூடக்கூடப் பொறி பறக்கும். பொறி ரேடியோ அலையில் இரைச்சலை உண்டாக்கும். ரேடியோவை நம்பிப் பறக்கும் விமானத்தில் இக்குறை சிறியதன்று. மேலும் சுருளில் பிறக்கும் வெப்பம் மோட்டாரின் நடுவே சிக்கிக்கொள்ளும்.

பிரஷை நீக்கும் எண்ணம் 1962-இலேயே எழுத்தில் வந்துவிட்டது. அமெரிக்கப் பொறியாளர்களான வில்சன், டிரிக்கி இருவரும், பிரஷ் செய்யும் வேலையைக் குறைக்கடத்திக் கருவிகளே செய்யும் நேர்மின் எந்திரம் ஒன்றை விளக்கிக் கட்டுரை வெளியிட்டனர். பிரஷ்லெஸ் மோட்டாரின் அடிப்படை இதுவே: சுருள் நிலையாக நிற்கும், காந்தம் சுழலும், எந்தச் சுருளுக்கு எப்போது மின்சாரம் தர வேண்டும் என்பதை மின்னணுச் சுற்று முடிவு செய்யும். இன்று வீடுகளில் பரவிவரும் பி.எல்.டி.சி. மின்விசிறியும் இந்த இனத்தைச் சேர்ந்ததே. ஆனால் கூரையில் தொங்கும் விசிறிக்கு எடை ஒரு பொருட்டன்று. மலிவான பெரைட் காந்தமே அதற்குப் போதும். விமானத்துக்கு அது போதாது. காந்தத்தின் ஆற்றலை அளக்கும் அலகில் பெரைட் ஏறத்தாழ 4 என்ற அளவிலேயே நின்றது. அதை வைத்துப் பல கிலோவாட் மோட்டார் கட்டினால், அந்த மோட்டாரின் எடையையே விமானம் தூக்க நேரும்.

ஆகவே பிரஷ்லெஸ் மோட்டார் கருத்தளவில் பிறந்தும் மாதிரி விமானத்தில் ஏறக் காத்திருந்தது. அது காத்திருந்த காந்தத்துக்கான உலோகமோ அதற்கு முக்கால் நூற்றாண்டு முன்பே கண்டறியப்பட்டு, பெரிதாகப் பயன்படாமல் கிடந்தது.

2. மேண்டிலின் காலம்

1885-இல் ஆஸ்திரிய வேதியியலாளர் கார்ல் ஆவர் பான் வெல்ஸ்பாக், அதுவரை ஒரே தனிமம் என்று கருதப்பட்ட டைடிமியத்தை இரண்டாகப் பிரித்தார். ஒன்றுக்குப் பிரசியோடைமியம் என்றும், மற்றொன்றுக்கு நியோடைமியம் என்றும் பெயர் அமைந்தது. அதே ஆண்டில் அவர் மற்றொரு பொருளுக்கும் காப்புரிமை பெற்றார்: எரிவாயு விளக்கின் சுடரில் வைத்தால் வெண்மையாக ஒளிரும் வலை. தமிழ்நாட்டில் பெட்ரோமாக்ஸ் விளக்கின் 'மேண்டில்' என்று அறியப்பட்ட பொருளின் மூதாதை அதுவே. 1891-இல் 99 விழுக்காடு தோரியம் ஆக்சைடும் 1 விழுக்காடு சீரியம் ஆக்சைடும் கொண்ட கலவையை அவர் எட்டியபோது மேண்டில் உலகச் சந்தையை வென்றது.

மேண்டிலுக்குத் தோரியம் வேண்டும். தோரியத்துக்கு மோனசைட் மணல் வேண்டும். 1909-இல் ஜெர்மானியரான ஷோம்பர்க், திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான தென்னை நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதைக் கண்டார். கயிற்றின் எடையைக் கூட்டும் அழுக்கு என்று இறக்குமதியாளர் உதறித் தள்ளியிருக்கக்கூடிய மணல் அது. அவர் அதன் ஊற்றைத் தேடிவந்த இடங்களுள் முதன்மையானது அன்று திருவிதாங்கூரில் இருந்த மணவாளக்குறிச்சி. முதல் உலகப் போருக்கு முன் இம்மணல் வணிகத்தில் ஜெர்மானியரின் கை ஓங்கியிருந்தது. போர் மூண்டதும் பிரிட்டன் அதைத் தன் பிடிக்குள் கொண்டுவந்தது.

இங்கு கவனிக்க வேண்டியது ஒன்று. மோனசைட்டில் பாதிக்கு மேல் அரிய மண் தனிமங்களின் ஆக்சைடுகளே; அவற்றுள் நியோடைமியத்தின் பங்கு ஐந்தில் ஒன்றுக்குச் சற்றுக் குறைவு. தோரியமோ இந்திய மோனசைட்டில் பத்தில் ஒரு பங்கைக்கூடத் தாண்டுவதில்லை. ஆயினும் அந்தச் சிறு பங்கிற்காகவே மணல் கப்பலேறியது. பெரும்பங்கு மிச்சமாகிக் கிடந்தது. அம்மிச்சத்திலிருந்து தீக்கல் செய்து சிகரெட் லைட்டரில் வைக்கும் வழியையும் வெல்ஸ்பாக்கே கண்டறிந்தார். அதற்கும் உதவியது முதன்மையாகச் சீரியமே. நியோடைமியத்தைக் கண்டுபிடித்தவர் தாமே அதற்கு ஒரு பெருந்தொழிலைக் காணவில்லை.

மேண்டிலின் ஆயுள் மேலைநாடுகளில் மின்விளக்கோடு குறுகியது. தமிழ்நாட்டின் திருமண ஊர்வலங்களிலும் கோயில் கொடைகளிலும் அது நெடுநாள் நீடித்தது. 1984-இல் வெளிவந்த 'வைதேகி காத்திருந்தாள்' படத்தில் கவுண்டமணியின் கடையில் செந்திலின் கை பட்டு உதிர்ந்துபோகும் மேண்டில் தமிழர் அனைவரும் அறிந்தது. அந்த நகைச்சுவை திரைக்கு வந்த அதே காலத்தில், மேண்டிலுக்குத் தோரியம் தந்த தாதுவின் மிச்சத்திலிருந்து உலகின் மிக வலிய காந்தம் உருவாகத் தொடங்கியிருந்தது.

3. அணுவின் காலம்

இடையில் தோரியத்துக்கு இரண்டாவது வாழ்வு கிடைத்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அது அணு எரிபொருளுக்கான மூலப்பொருளாகப் பார்க்கப்பட்டது. 1946-இல் திருவிதாங்கூர் அரசு மோனசைட் ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. 1947-இல் திவான் சி. பி. ராமசாமி ஐயர் திருவிதாங்கூரைத் தனி நாடாக நிறுத்த முயன்றபோது, அந்த மணலும் அவர் கையிலிருந்த துருப்புச் சீட்டுகளுள் ஒன்றாக இருந்தது.

1950 ஆகஸ்ட் 18-இல் இந்திய அரசும் திருவிதாங்கூர்-கொச்சி அரசும் இணைந்து இந்தியன் ரேர் எர்த்ஸ் நிறுவனத்தைத் தோற்றுவித்தன. 1952-இல் ஆலுவாவில் அதன் மோனசைட் ஆலை இயங்கத் தொடங்கியது. மோனசைட்டிலிருந்து பிரிக்கப்பட்ட தோரியத்துக்காக 1955-இல் செம்பூரை அடுத்த டிராம்பேயில் தனி ஆலை எழுந்தது. 1953-இல் சீனாவுக்கு இந்தியா தோரியம் நைட்ரேட் விற்றது அமெரிக்காவுடனான உறவில் உரசலை ஏற்படுத்தியது. சீனாவுக்கு இந்தியா அரிய தாதுவின் பொருளை அனுப்பிய காலம் ஒன்று இருந்தது என்பது இன்று பலருக்கு வியப்பளிக்கலாம். 1956 நவம்பர் 1-இல் குமரி மாவட்டம் சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது மணவாளக்குறிச்சியின் நிர்வாக எல்லை மாறியது. மணலைப் பற்றிய முடிவு எடுக்கப்படும் இடமோ பம்பாயாகவே நிலைத்தது. 1963-இல் நிறுவனம் முழுமையாக மத்திய அரசின் கைக்கு வந்து, அணுசக்தித் துறையின் கீழ் அமைந்தது.

இந்த அமைப்பே பின்வந்த வரலாற்றை வடிவமைத்தது எனலாம். இந்திய அணுசக்தித் திட்டத்தின் மூன்றாம் கட்டம் தோரியத்தை நம்பி வகுக்கப்பட்டது. மோனசைட் அணுசக்திச் சட்டத்தின் கீழ்க் கட்டுப்படுத்தப்பட்ட பொருளாயிற்று. பாதுகாப்பின் நோக்கில் இதற்கு நியாயம் உண்டு. கதிரியக்கம் உடைய தாதுவை எவரும் தோண்டி விற்கலாம் என்று விட்டுவிட முடியாது. ஆனால் அக்கணக்கில் அரிய மண் தனிமங்கள் தோரியத்தின் உடன்விளைவாகவே நின்றன. அவற்றின் பெரும்பகுதி ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்கப்படாத கலவைக் குளோரைடாக ஏற்றுமதியானது. தனித்தனியாகப் பிரிப்பது, உலோகமாக்குவது, உலோகக்கலவையாக்குவது, காந்தமாக வார்ப்பது என்று அதற்குப் பின்னால் நின்ற படிகளே மதிப்பைப் பெருக்குபவை. அப்படிகள் பிற நாடுகளில் நிகழ்ந்தன.

4. 1983: இரும்போடு கூடிய நியோடைமியம்

1960களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் கார்ல் ஸ்ட்ர்னாட் குழுவினர் சமேரியமும் கோபால்ட்டும் சேர்ந்த காந்தத்தை உருவாக்கினர். பெரைட்டின் 4 என்ற அளவு அதில் 20-ஐ நெருங்கியது. ஆனால் கோபால்ட் விலை மிகுந்தது. அதன் பெரும்பகுதி ஆப்பிரிக்காவின் ஜயர் நாட்டிலிருந்து வந்தது. 1978-இல் அங்குள்ள ஷாபா மாநிலத்தில் மூண்ட போர் கோபால்ட் விலையை வானளவு உயர்த்தியது. கோபால்ட் இல்லாமல், எங்கும் கிடைக்கும் இரும்பைக் கொண்டு வலிய காந்தம் செய்ய இயலுமா என்ற தேடல் அந்நெருக்கடியால் விரைவு பெற்றது.

ஜப்பானில் சுமிதோமோ நிறுவனத்தில் மசாதோ சகாவாவும், அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தில் ஜான் கிரோட்டும் தனித்தனியே ஒரே விடைக்கு வந்து சேர்ந்தனர்: நியோடைமியம், இரும்பு, போரான். 1983 நவம்பரில் பிட்ஸ்பர்க்கில் நடந்த காந்தவியல் மாநாட்டில் இரு தரப்பு முடிவுகளும் வெளிவந்தன. தொடக்கத்திலேயே 35 என்ற அளவைத் தொட்ட இக்காந்தம் இன்று 50-ஐத் தாண்டியுள்ளது. வெல்ஸ்பாக் பிரித்துப் பெயரிட்ட உலோகம் 98 ஆண்டுகளுக்குப் பின் தன் தொழிலைக் கண்டது.

ஜெனரல் மோட்டார்ஸ் இதற்கென மேக்னக்வெஞ்ச் என்ற பிரிவைத் தொடங்கியது. 1995-இல் அப்பிரிவு சீன நிறுவனங்கள் இடம்பெற்ற ஒரு கூட்டமைப்புக்கு விற்கப்பட்டது; பின்னர் அதன் உற்பத்தி படிப்படியாகச் சீனாவுக்கு நகர்ந்தது. சுரங்கம் முதல் காந்தம் வரையிலான ஒவ்வொரு படியையும் சீனா தன் நாட்டுக்குள்ளேயே கட்டி எழுப்பியது. அதன் மலிவு விலைக்கு ஈடுகொடுக்க இயலாமல் 2004-இல் இந்தியாவில் மோனசைட்டிலிருந்து அரிய மண் தனிமங்களைப் பிரிக்கும் பணி நின்றது.

அந்த ஆண்டுகளில்தான் மாதிரி விமான உலகம் எதிர்த்திசையில் பாய்ந்துகொண்டிருந்தது. 2000களின் தொடக்கத்தில் ஆர்வலர்கள் பழைய சி.டி. டிரைவ்களைப் பிரித்து, அவற்றின் சிறு மோட்டாருக்குத் தடித்த கம்பி சுற்றி, நியோடைமியம் காந்தத் துண்டுகளை ஒட்டி, வெளிக்கூடு சுழலும் பிரஷ்லெஸ் மோட்டார்களைத் தாமே செய்யத் தொடங்கினர். குப்பைக்குப் போகவிருந்த பொருளில் பிறந்த அவ்வடிவம் விரைவிலேயே தொழிற்சாலைகளுக்குள் நுழைந்தது. லித்தியம் பாலிமர் பேட்டரியும் அதே ஆண்டுகளில் சந்தைக்கு வந்தது. முதலில் கைக்கடக்கமான விமானங்கள், பிறகு 2 மீட்டரும் 5 கிலோவும் எல்லையாகக் கொண்ட பன்னாட்டு வான்சாகசப் போட்டி விமானங்கள், அதன் பின் பேரளவு விமானங்கள் என்று மின்மோட்டார் படிப்படியாக ஏறியது.

5. ஒரு பெரிய மோட்டாரின் கணக்கு

பெரிய மோட்டாரில் காந்தத்தின் பங்கு என்ன என்பதை எண்களைக் கொண்டே காணலாம். பேரளவு விமானத்தில் வழக்கமான பேட்டரி 12 செல்களைத் தொடராகக் கொண்டது. அதன் பெயரளவு மின்னழுத்தம் 44.4 வோல்ட். 6000 வாட் வேண்டுமெனில் ஏறத்தாழ 135 ஆம்பியர் பாய வேண்டும். மாதிரி விமான மோட்டார்களை 'கேவி' என்ற எண்ணால் குறிப்பர். ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பதே அதன் பொருள். 200 கேவி மோட்டார் ஒவ்வோர் ஆம்பியருக்கும் ஏறத்தாழ 0.048 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தரும். 100 ஆம்பியரில் 4.8 நியூட்டன் மீட்டர். பெரிய புரொப்பெல்லரைப் பற்சக்கரம் இன்றி நேரடியாகச் சுழற்ற இந்த விசை வேண்டும்.

வெளிக்கூடு சுழலும் மோட்டாரில் காந்தங்கள் கூட்டின் உட்புற விளிம்பில் ஒட்டப்பட்டிருக்கும். மையத்திலிருந்து விலக விலக, அதே விசை கூடுதல் முறுக்குவிசையைத் தரும். 28 காந்தத் துண்டுகள் உடைய மோட்டார் நிமிடத்துக்கு 6000 சுற்றுச் சுழலும்போது, வேகக் கட்டுப்பாட்டுக் கருவி நொடிக்கு 8400 முறை சுருள்களுக்கு மின்சாரத்தை மாற்றித் தருகிறது. எந்தக் கார்பன் பிரஷும் இந்த வேகத்தில் இந்த மின்னோட்டத்தைத் தாங்கி நெடுநாள் நிலைத்திராது.

எல்லை வெப்பத்தில் இருக்கிறது. சாதாரண நியோடைமியம் காந்தம் 80 பாகை செல்சியஸைத் தாண்டினாலே தன் வலிமையை நிரந்தரமாக இழக்கத் தொடங்கலாம். 100 ஆம்பியருக்கு மேல் பாயும் பெரிய மோட்டாரில் அந்த வெப்பம் எளிதில் பிறக்கும். எனவே உயர்தரக் காந்தங்களில் டிஸ்புரோசியம் என்ற மற்றோர் அரிய மண் தனிமம் சிறிதளவு சேர்க்கப்படுகிறது. இந்திய மோனசைட்டில் நியோடைமியம் உண்டு. டிஸ்புரோசியமோ மிகக் குறைவு. மணல் இருந்தால் போதும், காந்தம் வந்துவிடும் என்று கருதுவோர் கவனிக்க வேண்டிய இடம் இது.

பேட்டரியின் குறையையும் மறைக்கத் தேவையில்லை. 12 செல், 5000 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரியில் இருப்பது 222 வாட்-மணி ஆற்றல். 6000 வாட்டில் தொடர்ந்து இயக்கினால் இரண்டே கால் நிமிடத்துக்குள் தீர்ந்துவிடும். மூன்றில் ஒரு பங்கு ஆற்றலில் சராசரியாகப் பறந்தால் ஆறேழு நிமிடம். எடைக்கு எடை பார்த்தால் பெட்ரோலில் அடங்கிய ஆற்றல் இதைப்போல் பல பத்து மடங்கு. ஆகவே நெடுநேரம் பறக்க விரும்புவோர் இன்றும் பெட்ரோல் என்ஜினை விடவில்லை. அதிர்வின்மை, உடனடி வேக மாற்றம், குறைந்த ஓசை, எண்ணெய்ப் பிசுக்கின்மை ஆகியவற்றை நாடுவோர் மின்மோட்டாருக்கு வந்தனர்.

இனி மணலின் கணக்கு. எடுத்துக்காட்டாக, ஒரு பெரிய மோட்டாரில் 100 கிராம் காந்தம் இருப்பதாகக் கொள்வோம். அதில் நியோடைமியம் ஏறத்தாழ 30 கிராம். செய்முறை இழப்புகளை விட்டுவிட்டால், அதற்கு மூன்றில் ஒரு கிலோ மோனசைட் வேண்டும். அந்த மோனசைட்டிலிருந்து தோரியம் ஆக்சைடும் ஏறத்தாழ 30 கிராம் வெளிவரும். காந்தத்துக்குள் செல்லும் ஒவ்வொரு கிராம் நியோடைமியத்துக்கும் ஏறக்குறைய ஒரு கிராம் கதிரியக்கப் பொருள் எங்கோ ஓரிடத்தில் பத்திரமாக வைக்கப்பட வேண்டும். 1900-களில் தோரியம் செல்வமாகவும் நியோடைமியம் மிச்சமாகவும் இருந்தன. இன்று இடம் மாறிவிட்டன. மணலின் கலவை மட்டும் மாறவில்லை.

6. பவாய் முதல் கிள்ளியூர் வரை

இந்தியாவில் பெரிய பிரஷ்லெஸ் மோட்டாரின் தேவை பொழுதுபோக்கு விமானத்தோடு நிற்கவில்லை. மும்பை பவாயில் உள்ள ஐ.ஐ.டி.யில் பயின்றோர் 2007-இல் தொடங்கிய ஐடியாபோர்ஜ் நிறுவனம், '3 இடியட்ஸ்' படத்தில் இடம்பெற்ற நான்கு விசிறிப் பறக்கும் கருவியை உருவாக்கியது. அப்படத்தின் தமிழ் வடிவமான 'நண்பன்' வழியாகத் தமிழ் மாணவர்களும் அக்காட்சியை அறிவர். சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தின் 'தக்ஷா' குழு 2018-இல் ஆஸ்திரேலியாவில் நடந்த ஆளில்லா வானூர்திப் போட்டியில் இரண்டாம் இடம் பெற்றது. மாதிரி விமானம் கட்டக் கற்ற கைகளே வேளாண் டிரோனையும் கண்காணிப்பு டிரோனையும் கட்டுகின்றன.

2022 பிப்ரவரியில் மத்திய அரசு முழுமையான டிரோன்களின் இறக்குமதிக்குத் தடை விதித்தது. உதிரிப்பாகங்களின் இறக்குமதியைத் தடுக்கவில்லை. தடுத்திருந்தால் உள்நாட்டுத் தொழிலே நின்றிருக்கும். மோட்டாரை இங்கே சுற்றலாம், கூட்டை இங்கே கடையலாம். காந்தம் வெளியிலிருந்து வர வேண்டும். 2025 ஏப்ரலில் சீனா டிஸ்புரோசியம் உள்ளிட்ட ஏழு அரிய மண் தனிமங்களுக்கும் அவை கலந்த காந்தங்களுக்கும் ஏற்றுமதிக் கட்டுப்பாடு விதித்தபோது, மின்வாகன ஆலைகள் முதல் டிரோன் பட்டறைகள் வரை இந்த உண்மையை நேரடியாக உணர்ந்தன.

அரசின் விடையும் வந்தது. விசாகப்பட்டினத்தில் ஐ.ஆர்.இ.எல். அமைத்த சமேரியம்-கோபால்ட் காந்த ஆலை 2023 மே மாதம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அதன் திறன் ஆண்டுக்கு 3000 கிலோ. 2025 நவம்பரில் மத்திய அமைச்சரவை, ஆண்டுக்கு 6000 டன் அரிய மண் காந்தம் உற்பத்தி செய்யும் திறனை உருவாக்க 7280 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. கிலோவில் எண்ணப்பட்ட பொருள் டன்னில் எண்ணப்படவிருக்கிறது.

டன் என்றால் மணல் வேண்டும். குமரி மாவட்டம் கிள்ளியூர் வட்டத்தில் ஏறத்தாழ 1144 ஹெக்டேர் பரப்பில் அணுக்கனிமங்களை எடுக்க ஐ.ஆர்.இ.எல். திட்டமிட்டது. 2024 அக்டோபரில் நடைபெறவிருந்த கருத்துக்கேட்புக் கூட்டம், கடற்கரை ஊர்களின் கடும் எதிர்ப்பை அடுத்துத் தள்ளிவைக்கப்பட்டது. கடல் அரிப்பு, கதிரியக்கம், மீன்பிடித் தொழில் என்று அம்மக்கள் முன்வைக்கும் அச்சங்களைத் தேச நலனுக்கு எதிரான குரல் என்று ஒதுக்கிவிடுவது எளிது. வரலாறு அதற்கு இடம் தரவில்லை. 1909 முதல் அக்கரையின் மணல் மேண்டிலுக்காகவும், பிறகு அணுவுக்காகவும் அள்ளப்பட்டது. இரு முறையும் மதிப்பைப் பெருக்கும் தொழில் வேறிடத்தில் வளர்ந்தது. பெர்லினிலும் லண்டனிலும், பின்னர் ஆலுவாவிலும் டிராம்பேயிலும். மூன்றாம் முறை காந்தத்துக்காக மணல் கேட்கப்படும்போது, இம்முறை என்ன வேறுபாடு என்று கேட்கும் உரிமை அவர்களுக்கு உண்டு.

அக்கேள்விக்கு மூன்று விடைகள் தேவைப்படுகின்றன. பிரித்தெடுத்தல் முதல் காந்தம் வரையிலான தொழிலில் ஏதேனும் ஒரு படியாவது குமரியிலோ தமிழ்நாட்டிலோ அமையுமா? பிரிக்கப்படும் தோரியம் எங்கே, யார் பொறுப்பில், எத்தனை காலம் வைக்கப்படும்? தோண்டிய கரைக்கு மணல் திரும்புமா? இவற்றுள் முதலாவது பொருளாதாரம் பயில்வோருக்கும், இரண்டாவது வேதியியலும் அணு இயற்பியலும் பயில்வோருக்கும், மூன்றாவது கடலோரப் புவியியல் பயில்வோருக்கும் உரிய ஆய்வுப் பொருள். தமிழ்ப் பல்கலைக்கழகத் துறைகளில் இவை மூன்றும் ஒரே ஆய்வேட்டில் சந்திப்பது அரிது. ஒரு மோட்டாரின் கூட்டுக்குள் அவை ஏற்கெனவே சந்தித்துவிட்டன.